மணல் ஊற்றும் கோழித் தண்ணீரும்

கோழிக்குத் தண்ணீர் வைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் பேச என்ன இருக்கிறது, ஒரு சிரட்டையில் ஊற்றி வைத்தால் தீர்ந்தது என்பீர்கள். தேனியிலோ தஞ்சாவூரிலோ இருப்பவர் அப்படிச் சொல்லலாம். தனுஷ்கோடியில் அது செல்லாது.

ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல், நடுவே மணல். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு ரயில் வந்து நின்ற ஊர் இது. ரயில்வேக்காரர்கள் கட்டிய தண்ணீர்த் தொட்டி சிதைந்து கிடக்கிறது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கே தங்க முடிந்தது என்றால், மணலுக்குள் கிடைக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் அதற்குத் துணை.

மணலில் இறங்கிய மழைநீர், அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் கனம் கூடுதல். அந்தச் சொற்ப வித்தியாசத்தை நம்பித்தான் இங்கே உலை கொதிக்கிறது. ஆழத் தோண்டினால் உப்பு. ஆழம் சரியாக இருந்தும் அவசரப்பட்டு இறைத்தால், அடியில் உள்ள உப்புநீர் மேலேறி வந்துவிடும். அதனால் சில அடியோடு நிறுத்தி, கிண்ணத்தால் மொண்டு, ஊறட்டும் என்று காத்திருந்து மறுபடி மொள்ளுகிறார்கள். அப்படி நிறைந்த குடத்திலிருந்துதான் கோழிக்கும் பங்கு.

வளர்ந்த கோழி நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஆகவே சித்திரை வெயிலில் இரண்டு மடங்கு கேட்கும். இந்தக் கரையில் இன்னொன்றும் சேர்கிறது. கோழி கொத்தித் தின்பது கருவாட்டுத் தூளும் வலையில் ஒட்டிய மீன் துணுக்கும். உப்பைத் தின்ற வயிற்றுக்கு உப்பில்லாத தண்ணீர் வேண்டாமா? பத்தடி தள்ளி நிற்கும் கடற்காகத்துக்கு இந்தக் கவலை கிடையாது. கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியாக வடித்துவிடும். கடல்நீரைக் குடித்தே அது பிழைக்கும். கோழி காட்டிலிருந்து வந்த பறவை, அதற்கு அந்த வசதி இல்லை. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை உப்பு கரைந்திருந்தால் தாங்கும். 3,000 ஆனால் நீராகக் கழியும். கடல்நீரிலோ 35,000 இருக்கிறது. எச்சம் நீராகப் போனதும் வெள்ளைக்கழிச்சல் என்று மிரண்டு மருந்துக்கு ஓடுகிறவர்கள், முதலில் கோழி குடிக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்கட்டும்.

மீன் கழுவின தண்ணீரைக் கோழிக்கு வைக்கும் பழக்கத்தை, சிக்கனம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். உப்பும் அழுகலும் ஒரே சட்டியில்.

எந்தப் பாத்திரத்தில் வைப்பது? கோழி குடிப்பதைக் கிட்ட இருந்து பாருங்கள். அதற்கு உறிஞ்சத் தெரியாது. அலகை முக்கி, தலையை நிமிர்த்தி, தொண்டைக்குள் வழியவிடும். ஒவ்வொரு முக்கலுக்கும் அலகில் ஒட்டிய தீனி தண்ணீரில் கரையும். திறந்த சட்டி என்றால் ஏறி நின்று காலால் கிளறும், அதிலேயே எச்சமிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் வந்து விழும்.

இதற்கு நான் முதல் இடம் கொடுப்பது கவிழ்த்த மண்பானைக்கு. சிறு பானையின் வாய் விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே துளை போட வேண்டும். தண்ணீர் நிரப்பி, மண் தட்டால் மூடி, ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். தட்டின் விளிம்பு துளையைவிட உயரமாக இருக்கட்டும். தண்ணீர் வடிந்து துளை மூடும் மட்டத்துக்கு வந்ததும் தானே நிற்கும், குடிக்கக் குடிக்கத் தானே இறங்கும். வெளியே தெரிவது பானையைச் சுற்றி ஒரு விரல் அகலத் தண்ணீர்தான். மண்பானை என்பதால் குளிர்ச்சியும் உண்டு. கல்லின் மேல் தூக்கி, கோழியின் முதுகு உயரத்துக்கு வைத்தால் மணல் சேராது. குஞ்சுகள் இருந்தால் அவற்றுக்கு எட்டும்படி தாழ வைத்து, தட்டில் கழுவிய ஓட்டாஞ்சில்லு நாலு போடுங்கள், குஞ்சு மூழ்காது. நாமக்கல் பண்ணைகளில் உள்ள நிப்பிள் குழாய் சுத்தமானதுதான், ஆனால் இந்த மணலுக்கும் உப்புக்கும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பானையில் உள்ள ஒரே தொல்லை, தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலால் தடவினால் வழுக்கும் பாசிதான் நோயின் வீடு.

வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் என்றால் எல்லோரும் கோடையைத்தான் நினைக்கிறோம். உண்மையில் சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். மழை பெய்ததும் குடிசையைச் சுற்றிக் குட்டை தேங்கும். அதில் மீன் செதிலும் எச்சமும் ஊறும். கோழி பானையை விட்டுவிட்டு அங்கேதான் போகும். வைத்தவர்களும், மழைதான் பெய்கிறதே என்று பானையைக் கழுவாமல் விட்டுவிடுவார்கள். தண்ணீரில் கலந்து தரும் கழிச்சல் தடுப்பு மருந்தும் அன்றைக்கு வீண், குட்டையில் குடித்த கோழி மருந்துத் தண்ணீரைத் தொடாது. விடியலில் பஞ்சாரத்தைத் தூக்குமுன் கூரையடியில் பானையை நிரப்பி வைத்துவிடுங்கள். இரவெல்லாம் அடைந்து கிடந்த கோழிக்கு அப்போது தாகம் இருக்கும், கண்ணில் படும் முதல் தண்ணீரையே குடிக்கும். குட்டையை அதற்குள் மணல் போட்டு மூடிவிட்டால் இன்னும் நல்லது.