வந்தவர்கள்



போன மாதம் இரவிலே கதைப் புத்தகம்தான் நமக்குத் துணை. அதில் மனசை விட்டுப் போகாதது செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. 1973 இல் வந்த நாவல். 1978 இல் படமாகவும் வந்தது. கதை நடப்பது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் தொலைவில் கிடக்கும் நெடுந்தீவில். வாடை வீசும் பருவத்தில் வேறு கரைகளிலிருந்து மீனவர்கள் வந்து, வாடி போட்டுத் தொழில் செய்கிறார்கள். தீவாருக்கு அவர்கள் வெளியாட்கள்.

மலையில் இருக்கிற நமக்கு அதில் என்ன என்று கேட்பீங்க. வாசிக்கும்போது 1948 குடியுரிமைச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. காடு வெட்டித் தேயிலை வைத்த நம்மவரையும் 'வந்தவர்கள்' என்றுதானே நாடற்றவர்களாக்கினார்கள்?

அடுத்து கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வாசித்தோம். அது நம்ம தோட்டத்துக் கதையேதான்.

ஆனால் ஒன்று உறுத்துது. வேறு தோட்டத்திலிருந்து நம்ம லயத்துக்குக் குடிவந்த குடும்பத்தை நாமும் 'வெளித் தோட்டத்து ஆள்' என்கிறோமே! நாமே அப்படிச் சொன்னதுண்டு. இனிச் சொல்ல மாட்டோம்.

இரவுக்கு நாலு பக்கம் வாசியுங்க. வாசிக்கத் தெரியாத அப்பாயிக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்.