அத்தையின் காது

வரப்பிலிருந்து கால் கழுவின ஈரத்தோடு வந்து கடைசியில் நிற்கிற அண்ணன் தம்பிமார்களே!

‘விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கைத் தரம்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதை எதை வைத்து அளப்பேன் தெரியுமா? மாடி வீட்டைப் பார்க்க மாட்டேன், வாசலில் நிற்கிற வண்டியைப் பார்க்க மாட்டேன். அந்த வீட்டுப் பொம்பளையின் காதைப் பார்ப்பேன். தோடு கிடக்கிறதா, வேப்பங்குச்சி கிடக்கிறதா?

தாய்மார்கள் பக்கம் கைதட்டல் வருகிறது. அவர்களுக்குத்தான் தெரியும்!

எங்கள் தெருவில் ஓர் அத்தை. பேரைச் சொன்னால் என்னை வைவார். இரண்டு ஏக்கர் நஞ்சை. ஆடியில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் தோட்டைக் கழற்றுவார். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று குச்சியைச் சொருகுவார். தையில் அறுத்தால் தோடு திரும்பும். 2012லிருந்து 2019 வரை எட்டு வருஷம், பாசனத்துக்குத் திறக்க வேண்டிய ஜூன் 12ஆம் தேதியில் மேட்டூர் அணை ஒரு தடவைகூடத் திறக்கவில்லையே, அந்த எட்டு வருஷமும் அந்தக் காதில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் குச்சிதான். 2018 நவம்பர் 16, கஜா புயல் வந்த ராத்திரி. கூரை பறக்கிறது. அத்தை தூக்கிக்கொண்டு ஓடியது எதை? மகளின் புத்தகப் பையை!

அதே காலத்தில் மத்திய அரசே கணக்கெடுத்தது. நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாத வருமானம் சராசரி 10,200 சொச்சம். அதில் பயிரில் வந்தது 3,800. கூலிக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சம்பாதித்தது 4,000க்கு மேலே! சொந்த நிலம் கொடுத்ததைவிட அடுத்தவன் கொடுத்த கூலியும் சம்பளமும் அதிகம். பாதிக் குடும்பங்கள் கடனில் கிடந்தன.

இதைச் சொன்னால் சில பேர் டிவியில் வந்து உட்கார்ந்துகொண்டு, “விவசாயிக்கு என்ன குறை? கரண்டு இலவசம், வருமான வரி கிடையாது” என்கிறார்கள். ஐயா, வரி இல்லை என்கிறீர்களே, வருமானம் எங்கே? அதைக் காட்டுங்கள் முதலில்! கரண்டு இலவசமா? அந்தக் கரண்டு நடுராத்திரி வந்தால், பாம்பு கிடக்கிற வரப்பில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் போடப் போகிறவன் யார்? நீங்களா? ஒரு ராத்திரி வாருங்கள். ஒரே ஒரு ராத்திரி! எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் வீட்டையே ஏசுகிற வாய்க்கு நான் வேறென்ன பதில் சொல்ல?

எங்கே விட்டேன்? அத்தை.

போன தையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது, காய வை என்றார்கள். பகலில் காய்கிற நெல் ராத்திரிப் பனியில் நனைகிறது. நாலு ராத்திரி, தார்ப்பாயின் ஓரத்தில், குவியலுக்குக் காவலாக அந்த மனுஷி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. இருட்டும் வரை தண்ணீரே குடிக்க மாட்டார். ஏன்? தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒதுங்க அங்கே ஒரு மறைப்புக் கிடையாது! ஊருக்கே சோறு போடுகிறவள், தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். மேடைக்குக் கீழே மேசையில் ஒரு மனு இருக்கிறது. கொள்முதல் நிலையம்தோறும் கூரை, உலர்த்தும் களம், பெண்களுக்குக் கழிப்பறை. கேட்டிருப்பது இந்த மூன்றுதான். முதல் கையெழுத்து அத்தையுடையது. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். திரும்பித் தேடாதீர்கள், கூச்சப்படுவார். போகும்போது அந்தக் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போங்கள்.