போனில் வருது யோசனை, வயலுக்கு வருவது யார்?
(ஒன்றிய அலுவலகம் முன் நடந்த தர்ணாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



செல்போனுக்கு எதிராகப் பேச நாம் இங்கே உட்காரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், இல்லையென்றால் நாளைக்கே முன்னேற்றத்துக்கு விரோதி என்பார்கள். நம்ம மடியிலும் போன் இருக்கு. மழை வருமா என்று நாமும் அதில்தான் பார்க்கிறோம்.

2004-ல் கிசான் கால் சென்டர் வந்தது. 1551-ஐ அழுத்து என்றார்கள். இப்போது 1800-180-1551. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். நல்லதுதான். 2018-ல் உழவன் செயலி வந்தது. எல்லாம் வந்தது. வரப்பில் நின்று செடியைப் பிடுங்கிப் பார்க்கிற ஆள் எங்கே போனார்?

அதே 2018-ல்தான் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் என்ன கதி ஆச்சு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புழுவின் புத்தி தெரியுமில்லையா? முட்டை பொரிய ரெண்டு மூணு நாள். குட்டிப் புழு இலையைச் சுரண்டும்போதே கண்டுபிடித்து அடித்தால் சாகும். குருத்துக்குள்ளே இறங்கி, தன் கழிவாலேயே வழியை அடைச்சிக்கிட்டா, அப்புறம் மருந்து உள்ளே போகாது. நமக்குக் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். போனில் கேட்டால் அந்த முனையில் இருக்கிற பிள்ளை என்ன செய்யும், பாவம்? நாம் சொல்வதை வைத்துத்தான் அது பதில் சொல்ல முடியும். தண்டுத் துளைப்பானா படைப்புழுவா என்று நமக்கே விளங்காதபோது என்னத்தைச் சொல்வது? கடைசியில் மருந்துக் கடைக்காரர்தான் விஞ்ஞானி. ரெண்டு மருந்தைக் கலந்து கொடுப்பார், கடனும் எழுதிக்கொள்வார்.

1980-களில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, குறித்த கிழமையில் ஊருக்கு அலுவலர் வரும் திட்டம் இருந்தது. பெரிய வீட்டுத் திண்ணையோடு போய்விடுகிறார் என்று அப்போதும் குறை சொன்னோம், மறக்கவில்லை. ஆனாலும் வழிமறித்துக் கேட்க ஒரு ஆள் இருந்தார். இன்றைக்கு ஒரு உதவி வேளாண்மை அலுவலர் தலையில் பல ஊர். போட்டோ எடுத்து ஏற்றுவதே அவருக்குப் பாதி வேலை. அவர் மேல் நமக்குக் கோபம் இல்லை.

வானிலை விஷயத்தைப் பாருங்கள். 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைத்தார்கள். செவ்வாயும் வெள்ளியும், இன்ன பயிருக்கு இன்ன செய்யலாம் என்று நம்ம வட்டாரத்துக்கே யோசனை வந்தது. நாடு முழுக்க 199 பிரிவுகள். 2024 மார்ச்சோடு மூடினார்கள். டிஜிட்டல் விவசாயம் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டே, யோசனை எழுதுகிற ஆளை வீட்டுக்கு அனுப்பியது என்ன நியாயம்?

இன்னொன்று. 2025-ல் பட்டாவை வைத்து விவசாயிக்கு அடையாள எண் பதிந்தார்கள். குத்தகைக்காரன் எங்கே போவான்? களை எடுப்பது அம்மா, பட்டா அப்பா பேரில், போன் மகன் கையில். அவன் திருப்பூரில் இருக்கிறான். குறுஞ்செய்தி அங்கே போய் என்ன பண்ணும்?

கருவி வேலை செய்யாது என்று சொல்லவில்லை. 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் என்று கணிப்பொறியில் பார்த்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள். கையில் கருவி இல்லாத மீனவருக்கும் அது கேட்டது. நடுவில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அதனால் நடந்தது.

ஆகவே நாம் கேட்பது: வேளாண் அலுவலர் காலியிடங்களை நிரப்பு. வானிலைப் பிரிவுகளை நிரந்தர ஊழியர்களோடு நடத்து. போனில் புகார் பதிந்தால் மூன்று நாளில் ஆள் வயலுக்கு வரவேண்டும், சொன்ன மருந்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். குத்தகைக்காரரையும் பெண்களையும் பதிவில் சேர். சொல்கிற உரம் சொசைட்டியில் இருக்கட்டும்.

அடுத்த குறைதீர் நாளுக்கு எல்லாரும் கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. வந்த மெசேஜை அழிக்காமல் போனைக் கொண்டு வாங்க. புழு அரித்த குருத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க. மேசை மேல ரெண்டையும் வைப்போம்.