அசைவு என்னும் ஒரு சொல்



பதின்ம வயதினரின் இடர்ப்பாடுகளைப் பற்றி உளவியலார் பேசுவதே முறை. யாமோ மொழியியல் கற்றவர். ஆயினும், தம்மை அறிய முயலும் எவரும் முதலில் தேடுவது சொல்லைத்தான். அந்த ஒரு வாயில் வழியாக மட்டும் இப்பொருளுக்குள் புகத் துணிகின்றோம்.

நம் மலாக்காவிலிருந்தே தொடங்குவோம். மலாயாவில் வாணிக நோக்குடன் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது 1896இல், இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில். பயிரிட்டவர் டான் சாய் யான். பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் வெட்டினர். அவர்தம் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று ஜாசினிலும் அலோர்காஜாவிலும் செம்பனை பெருகிவிட்டது. குடும்பங்கள் பல நகர்ப்புறம் சென்றுவிட்டன. ஒன்று மட்டும் மாறவில்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழில் பயின்ற பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. மலாய்த் தேர்ச்சி போதாதோர் முதலாம் படிவத்திற்கு முன்னர் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்வதும் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. இந்தப் பெயர்வு நீங்கவில்லை. குரல் உடைந்து, உடல் மாறி, ‘நான் யார்’ என்னும் வினா எழுகின்ற அதே வயதில் மொழியும் மாறுகின்றது.

யாமும் அவ்வகுப்பில் அமர்ந்தவரே. அன்று அதன் பெயர் ‘ரிமூவ்’. தோட்டப்பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் எம் பெயர்தான் முதலில் வரும். நகரத்துப் பள்ளியில் முதல் வாரம், வெளியே செல்ல ஆசிரியரிடம் எப்படி இசைவு கேட்பது என்று தெரியாமல், மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். மாலையில் அம்மா, “ஏன்யா முகம் வாடியிருக்கு?” என்றார். “ஒன்றுமில்லை” என்றோம். அது பொய்யன்று. உள்ளே இருந்ததற்கு எம்மிடம் பெயரில்லை.

அப்பெயரைப் பல்லாண்டு கழித்துத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் கண்டோம். எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும் தொல்காப்பியர் ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறார். அழுகைக்கு உரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு பிறரால் இகழப்படுவது. இழவு உரியதை இழப்பது. அசைவு என்பதோ, ஒருவர் தம் பழைய நிலையிலிருந்து தாழ்ந்து தளர்வது என்று உரையால் அறிகிறோம். அதைப் படித்த நாளில் ரிமூவ் வகுப்பின் பின்வரிசை கண்முன் வந்தது. எம்மை அங்கு எவரும் இகழவில்லை. எதனையும் யாம் இழக்கவுமில்லை. முதல்வனாய் இருந்தவன் கடையனாய் ஆனான்; அவ்வளவே.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரிய இலக்கணம், உளவியல் நூலன்று. பிராய்டுக்கு முன்பே எல்லாம் கண்டோம் என்று மேடையில் முழங்குவோருடன் எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒரே கண்ணீருக்குள் நான்கு காரணங்களைப் பிரித்துக்காணும் அக்கூர்மை இன்றைய உளவியலுக்கும் வேண்டியதே. தம் உணர்ச்சிகளை நுட்பமாகப் பிரித்தறியும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை லிசா ஃபெல்ட்மன் பாரெட் ஆராய்ந்துள்ளார். 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகப்படங்களைக் கண்டோர் அவ்வுணர்ச்சிக்குப் பெயரிட்டபோது, மூளையின் அமிக்டலா என்னும் பகுதியில் செயற்பாடு தணிந்தது.

நம் மாணவரிடம் கேட்டால் வரும் விடை ‘டென்ஷன்’, இல்லையேல் ‘மூட் இல்லை’. தேர்வச்சமும், தோழி பேசாமல் போனதும், தந்தையின் குடியும், கைப்பேசிக் குழுவில் பகடிக்கு ஆளானதும் எல்லாம் ஒரே டென்ஷன். அது பிறமொழிச் சொல் என்பது எம் குறையன்று. மலாயில் ‘மெராஜுக்’ என்றொரு சொல் உண்டு: அன்புடையவர் வந்து தேற்றட்டும் என்று முகம் திருப்பிக்கொள்வது. எத்துணை நுட்பம்! நம் ஊடல் அதற்கு நெருங்கிய உறவு. நாம்தான் அதனைக் காதலர்க்கே ஒதுக்கிவிட்டோம். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் மலாய் பேசிக்கொண்டே தம் வழிபாட்டையும் மரபையும் காத்துவருகின்றனர். மொழி போனால் எல்லாம் போயிற்று என்று அவர்களிடம் சொல்ல இயலாது. எம் கவலை வேறு. தமிழ் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட, மலாய் பாடநூல் அளவிலேயே வளர்ந்தால், அப்பிள்ளை தன்னைப் பற்றி எம்மொழியில் எண்ணும்?

2022இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. சொல் மருந்தாகாது. ‘இருந்து என்ன பயன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கே மொழிப்பாடம் நடத்தாமல் அப்பொழுதே ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அமைச்சின் ஹீல் 15555 எண்ணும் உண்டு.

மற்ற நாள்களுக்கு இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பு இருக்கிறது. 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் அதனைப் பெறலாம் என 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடந்தருகிறது. ஆசிரியர்களே, மாதம் ஒருமுறை, இவ்வாரம் மனத்தில் தங்கிய ஒன்றை டென்ஷன் என்னும் சொல்லின்றி எழுதச் சொல்லுங்கள். சொல் கிட்டாவிடில் மலாய்ச் சொல்லே இருக்கட்டும். அதற்குப் புள்ளி இடாதீர்கள். பிறர் கேட்க வாசிக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் இருக்கையில் ஒரு வெற்றுத்தாள் உள்ளது. பெயர் எழுத வேண்டா. புதிய பள்ளியில் உங்கள் முதல் வாரம் எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள். வினா நேரத்தை அவற்றிலிருந்து தொடங்குவோம்.