பார்த்தவர் நெஞ்சிலே ஒரு மைதானம்



இலக்கியத் தொடர் ஒன்றிலே உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பந்தை உதைத்தவர்களின் திறமையைப் பேசுவதற்கு நான் தகுதியுடையவன் அல்லன். அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வாசிகசாலைத் திண்ணையிலும் தேநீர்க்கடை வாங்கிலும் இருந்து அவர்கள் சொன்ன கதைகளே எனது பொருள். ஒன்றைக் கண்டவன், காணாதவனுக்கு அது கண்முன் நிற்கும்படி சொல்வானாயின், இலக்கியத்தின் முதற்படி அங்கே தொடங்கிவிடுகிறது.

பழந்தமிழ் நூல்களிலே இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியை எடுத்துப் பாருங்கள். ஏறுதழுவும் களத்தைத் தோழி ஒருத்தி தலைவிக்குக் காட்டிக் காட்டிச் சொல்கிறாள். காளையின் நிறம், அதன் கொம்பு, பாய்ந்தவனின் துணிவு, குத்துண்டு வீழ்ந்தவனின் குருதி ஆகிய யாவும் அவள் சொல்லிலே நமக்குத் தெரிகின்றன. களத்தில் இறங்கிய வீரர்கள் மறைந்தார்கள். பார்த்தவளின் சொல் நிலைத்தது. இந்தத் தோழியைச் சற்று நினைவில் வைத்திருங்கள். அவளிடம் பின்னர் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலே அத்தகைய களம் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் கோட்டைக்கு முன்னால் விரிந்த முற்றவெளியை அடுத்து, புல்லுக்குளத்துக்கும் பொது நூலகத்துக்கும் அயலிலே இருக்கும் விளையாட்டரங்கு அது. மாநகர முதல்வராக இருந்து 1975 ஜூலை 27 இல் பொன்னாலையிலே சுட்டுக்கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அந்தப் பெயரிலேயே நமது அரசியல் வரலாற்றின் ஒரு காயம் இருக்கிறது. ஆயினும் ஊர்ப்பேச்சிலே பெயர் வேண்டியிருக்கவில்லை. வெறுமனே ‘ஸ்ரேடியம்’ என்றால் போதும், எல்லாருக்கும் விளங்கும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எங்கள் அளவெட்டியிலிருந்து பட்டினத்துக்கு ஆட்டம் பார்க்கப் போவது ஒரு சிறு யாத்திரை. ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரம். வசதியானவர்கள் மல்லாகத்திலே புகைவண்டி ஏறினார்கள். மற்றவர்களுக்குச் சைக்கிள்தான். ஒருவரைப் பாரில் இருத்தி இன்னொருவரைக் கரியரில் ஏற்றி, சுன்னாகம், மருதனார்மடம், கோண்டாவில் என்று மாறிமாறி உழக்கிக்கொண்டு போவார்கள். சுருளாக மடித்த தாளிலே கச்சான், கொஞ்சம் கடலை, வெயில் அதிகமென்றால் ஓர் ஐஸ்பழம். ரிக்கெற்றுக்குக் காசில்லாத நாளிலே மதிலோரம். இவற்றை நான் கண்டவன் அல்லன், கேட்டவன். எனது தலைமுறைக்கு அந்த மைதானம் காதுவழியாகவே வந்து சேர்ந்தது.

பல ஆண்டுகளாக முதியவர்களிடம் இக் கதைகளைக் கேட்டு வந்ததிலே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்குக் கோல் எண்ணிக்கை பெரும்பாலும் நினைவில்லை. எந்த ஆண்டு என்பதிலும் தடுமாற்றம் உண்டு. ஆனால், எந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றோம், யாருடைய தோளிலே கையை ஊன்றி எட்டிப் பார்த்தோம், மழை எப்போது பிடித்தது, திரும்பும் வழியிலே எந்தச் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றுப் போனது என்பனவெல்லாம் அப்படியே இருக்கின்றன. முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “மாஸ்ரர், அண்டைக்கு ஆர் வெண்டதெண்டு கேளாதேங்கோ. அந்தப் பந்து வலைக்கை போகேக்கை எனக்குப் பக்கத்திலை நிண்ட மனிசன் என்னைக் கட்டிப் பிடிச்சார். அந்த ஆள் ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளையும் ஒரு மாலைப் பொழுதிலே ஒரே வேலியோரத்தில் காணலாம் போலும். வியப்பும் அச்சமும் வெகுளியும் உவகையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. கோல்காப்பாளர் பந்தை நழுவவிட்டால் இளிவரல். அடுத்ததைப் பாய்ந்து பிடித்தால் பெருமிதம். இந்த மெய்ப்பாடு ஆடுபவனிடமிருந்து பார்ப்பவனுக்குத் தாவுகிறது. பார்த்தவனிடமிருந்து கேட்பவனுக்கும் தாவுகிறது. தாவும்போது சிறிது பெருக்கவும் செய்கிறது. இருபது யார் தூரத்திலிருந்து அடித்த கோல், சொல்லச் சொல்ல நாற்பது யார் ஆகிவிடும். அதைப் பொய்யென்று தள்ளுவது முறையன்று. நமது புராணப் படிப்புக்காரருக்கு நாம் தந்த உரிமையை இவர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

அந்த வேலியோரத்துக்கு வேறொரு சிறப்பும் இருந்தது. யாழ்ப்பாண உதைபந்தாட்டத்தின் உயிர்நாடி நெடுங்காலமாகக் கடலோரக் கத்தோலிக்கக் கிராமங்களிலே துடித்து வந்திருக்கிறது. குருநகர் பாடுமீன், நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனீஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ் என்ற கழகங்களின் பெயர்களைக் கேட்டாலே அது விளங்கும். பாடசாலைகளிலே சென் பற்றிக்ஸ், இளவாலை சென் ஹென்றீஸ் ஆகியவற்றோடு, எங்கள் அயலிலே பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் நிறுவிய மகாஜனாவும் பெயர்பெற்றது. பாவலரின் மைந்தர் ஜயரத்தினம் 1945 முதல் 1970 வரை அதிபராக இருந்த காலத்திலே கல்விக்கும் கலைக்கும் சமமாக உதைபந்தும் அங்கு மதிக்கப்பட்டது.

ஆகவே தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும், சைவரும் கத்தோலிக்கரும் அந்த வேலியோரத்திலே அருகருகே நின்றார்கள். இதே காலத்திலேதான், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட்டம் நடந்தது. கோயில் வாசலிலே மறிக்கப்பட்ட மனிதன் ஸ்ரேடியத்திலே மறிக்கப்படவில்லை. இதைச் சொல்லி நாம் பெருமை கொள்ளத் தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் அவரவர் தத்தம் ஒழுங்கைக்கே திரும்பினார்கள். அங்கே பழைய வேலிகள் அப்படியே நின்றன. என்றாலும், தொண்ணூறு நிமிடம் தோளோடு தோள் நின்ற அனுபவம் ஒரு சமூகத்தின் நினைவிலே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்ததை அந்த முதியவர் இன்றுவரை மறவாமல் இருப்பதன் பொருளும் அதுவே என்று எண்ணுகிறேன்.

வெளியுலகிலும் இத்தகைய நினைவுகள் உண்டு. 1911 ஜூலை 29 இல் கல்கத்தாவிலே மோகன் பகான் கழகம் ஆங்கிலேயப் படையணி ஒன்றின் குழுவை வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அக் குழுவிலே ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் வெறுங்காலோடு ஆடினார்கள். மைதானத்தை நெருங்க முடியாத திரளுக்குக் கோல் விபரத்தைக் காற்றாடி பறக்கவிட்டு அறிவித்தார்களாம். பட்டம் ஏற்றுவதை ஒரு கலையாகவே பயிலும் நமக்கு இந்தச் செய்தி தித்திக்கும். வானத்தை அண்ணாந்து பார்த்தே ஆட்டத்தைப் பார்த்துவிட்டவர்கள் அவர்கள்! 1990 முதல் 1995 வரை மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்திலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எனது தலைமுறையினருக்கு அந்தக் கல்கத்தாத் திரள் அந்நியமன்று.

இனி, சற்றுக் கனமான பகுதிக்கு வருகிறேன்.

பார்த்தவர் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சான்று இருந்தது. 1959 இல் தொடங்கிய ‘ஈழநாடு’ யாழ்ப்பாணத்துச் செய்திகளை யாழ்ப்பாணத்திலிருந்தே அச்சிட்டது. பொது நூலகம் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயிலே நூலகமும் அதன் 97,000 நூல்களும் சாம்பலாயின. அதே நாட்களிலே ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. ஏட்டுச்சுவடிகள் போனதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால், ஒரு சனிக்கிழமை மாலை முற்றவெளி ஓரத்திலே யார் ஆடினார்கள், மக்கள் எப்படி ஆர்ப்பரித்தார்கள் என்பது போன்ற சின்னஞ்சிறு செய்திகளும் அத்தகைய தீயிலேதான் போயின. நூலகத்துக்கும் மைதானத்துக்கும் இடைத்தூரம் ஒரு நல்ல உதைக்குத்தான் இருக்கும். அயலிலே எரிந்தது மைதானத்தின் வரலாறுந்தான்.

பின்னர் கோட்டையைச் சூழ்ந்த நிலம் முழுவதும் போர்க்களமாயிற்று. 1990 இல் கோட்டை முற்றுகை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் வீட்டைவிட்டு வெளியேறிய பெரும் இடப்பெயர்வு. ஆட்டக்காரரும் ரசிகரும் திசைக்கொருவராயினர். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கோடைகாலத்திலே நம்மவர் உதைபந்துப் போட்டிகள் நடத்துகிறார்கள். ஊர்ப் பாடசாலைகளின் பெயரிலேயே குழுக்கள் மோதுகின்றன. அங்கே கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் முதியவர்களின் கண்ணுக்கு வேறொரு மைதானந்தான் தெரிகிறது போலும்.

1999 ஏப்ரலிலே, இந்த விளையாட்டரங்கைத் திருத்துவதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்திருக்கலாம். கேட்கும் உங்களுக்கும் அது இதமாக இருந்திருக்கும். ஆனால் பொற்காலத்தை மட்டும் சொல்லும் நினைவு அரைகுறை நினைவாகிவிடும். ஆரவாரம் கேட்ட அதே புற்றரைக்குக் கீழே பெயரில்லாமல் மனிதர்கள் கிடந்தார்கள். அவர்களுள் யாராவது ஒருவர், ஏதோ ஒரு மாலையிலே அதே வேலியோரத்தில் நின்று கச்சான் கொறித்தவராக இருக்கலாம் என்ற எண்ணம் என்னை விட்டு அகல்வதில்லை.

சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவிலே தேசிய விளையாட்டரங்கு ஒன்று உண்டு. 1962 உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த இடம். 1973 செப்ரெம்பரிலே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, ஆயிரக்கணக்கானோரை அங்கே அடைத்து வைத்து வதைத்தார்கள். பிற்காலத்திலே அரங்கைப் புதுப்பித்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பழைய மரவாங்குகள் கொண்ட ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று ஆட்டம் நடக்கும்போது சுற்றிவர மக்கள் நிறைந்திருப்பர். அந்த வாங்குகள் மட்டும் வெறுமையாக இருக்கும். மகிழ்ச்சியையும் துயரத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்க ஒரு சமூகத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

நமது அரங்கு இந்திய அரசின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18 இல் திறக்கப்பட்டது. 1,850 பேர் அமரலாம். ஆட்டம் மீண்டது நல்லது; அதிலே மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மைதானம் பிள்ளைகளின் காலுக்கு உரியது. ஆயினும் நமக்கென்று வெறுமையாக விடப்பட்ட ஒரு வாங்கு எங்கே? சீமெந்திலே இல்லாவிட்டால் சொல்லிலாவது அது இருக்க வேண்டாமா?

இப்போது கலித்தொகைத் தோழியிடம் வருவோம். பழைய இலக்கியத்திலே களத்தைப் பார்த்துச் சொன்னவள் பெண். நான் கேட்ட ஸ்ரேடியக் கதைகளிலோ சொன்னவர் எல்லாரும் ஆண்கள். “நீங்கள் போகவில்லையா?” என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். “ஆர் மோனை எங்களை விட்டது? கோல் அடிச்ச கதையைச் சோறு போடேக்கை கேட்டதுதான்” என்றார். அவருடைய நினைவும் ரசிகர் நினைவே. அடுப்படிவரை வந்த ஆரவாரம் அது. காலமும் மாறியிருக்கிறது. போரினால் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் சொந்த மண்ணுக்குத் திரும்பிய மகாஜனாக் கல்லூரியின் பெண் பிள்ளைகள், உதைபந்திலே தேசிய மட்டத்தில் பட்டங்கள் வென்றிருக்கிறார்கள். வேலிக்கு வெளியேகூட நிற்க இடமில்லாதிருந்த பாட்டியின் பேத்தி, இன்று கோட்டுக்குள்ளே பந்தோடு ஓடுகிறாள். பார்த்தவரின் கதையிலே இனி இவளும் வருவாள்.

எங்கள் ஊர் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போனது. 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பிலே ஒலிநாடாவில் அகப்பட்டது கொஞ்சந்தான். கோயில் வீதியிலே விடியவிடிய இருந்து கேட்டவர்கள் சொல்லிச் சொல்லியே அவரது கலையின் அளவு நமக்குத் தெரியவந்தது. அவ்வாறு சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஸ்ரேடியத்தின் கதையும் அதுவே. அறுபதுகளிலே பாரில் ஏறிப்போன சிறுவனுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடமும் மாணவரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையிலே கட்டுரைக்கு ‘எனது பொழுதுபோக்கு’ என்று தலைப்புக் கொடுப்பதற்குப் பதிலாக, ‘எங்கள் தாத்தா பார்த்த ஆட்டம்’, ‘எங்கள் பாட்டி கேட்ட ஆட்டம்’ என்று கொடுத்துப் பாருங்கள். அவர்கள் பேச்சுவழக்கை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். நாற்பது யார் கோலையும் நாற்பது யாராகவே எழுதட்டும். மழையையும் எழுதட்டும், காணாமற்போன நண்பனின் பெயரையும் எழுதட்டும். கொப்பியின் அரைப்பக்கம் போதும். நெருப்பிலே போன பத்திரிகைப் பக்கங்களை நாம் மீட்க முடியாது. பார்த்த கண்கள் இன்னும் சில இருக்கின்றன; அவை மூடுமுன் கேட்டுவிடலாம்.