தெருவே சேர்ந்தால்தான் குஞ்சு மிஞ்சும்

(சுயதொழில் உதவியாகக் கோழிக்குஞ்சு பெறும் தாய்மார்களுக்காகத் தாராபுரத்தில் நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)





தையல் மிஷினுக்கு அடுத்தபடியாக நம் அலுவலகத்துக்கு அதிகம் வரும் மனு கோழிக்குத்தான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கொல்லையில் நாலு கோழி இருந்தால் பிள்ளைக்கு முட்டை, அவசரத்துக்குக் கையில் காசு. ஆனால் ஆறு மாதம் கழித்துப் போய் விசாரித்தால் பல வீடுகளில் ஒரே பதில்தான். "எல்லாம் வெள்ளையாக் கழிஞ்சு, கழுத்தைத் திருகிக்கிட்டுப் போயிருச்சுங்க." ஜகாத் பணத்தில் வாங்கிக் கொடுத்தது கைக்கு வந்ததும் அது உங்கள் சொத்து. அதற்குக் கணக்குக் கேட்க நாங்கள் வரவில்லை. ஏன் சாகிறது, எப்படி நிறுத்துவது என்று பேசத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் நம் ஊர் வெயிலைப் பற்றி. தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மி.மீ.க்கு மேல். தென்மேற்கு மழையை மலை மறித்துக்கொள்வதால் நம் பக்கம் 600, 700 கிடைத்தாலே அல்ஹம்துலில்லாஹ். கொரங்காடும் கிளுவை வேலியுமாக இருக்கும் காய்ந்த பூமி இது. பாலைவனம் இல்லைதான், ஆனால் பங்குனி சித்திரையில் லுஹர் நேரத்தில் வாசலில் கால் வைத்துப் பாருங்கள். இந்த வெயிலில்தான் பல்லடத்துக்காரர்கள் பிராய்லர் வளர்க்கிறார்கள், நாமக்கல்காரர்கள் முட்டைக்கோழி வளர்க்கிறார்கள். அவர்கள் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுகிறார்கள், கூரைமேல் கீற்றுப் போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், தடுப்பு மருந்தை நாள் தவறாமல் கொடுக்கிறார்கள். நம்மிடம் அந்த முதல் இல்லை. ஆனால் அவர்கள் செய்வதில் பாதிக்கு மேல் காசில்லாமலே செய்யலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இறக்கையை விரித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றால் அது ஆபத்துக்கு அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கொண்டையையும் கால்களையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சாதாரண நாளில் தின்னும் தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, வெயிலில் நாலு மடங்கு வரை குடிக்கும். ஆகவே காலையில் ஒரு தடவை ஊற்றிவிட்டு வேலைக்குப் போனால் போதாது. மண்சட்டியில், வேம்போ முருங்கையோ இருக்கும் நிழலில், இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். தீனியை ஃபஜ்ருக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் போடுங்கள். உச்சி வெயிலில் தீனி போட்டால் அது செரிக்கும் சூடும் உடம்பில் சேரும். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று, காற்று வரும் பக்கம் ஈரச் சாக்கு. மழைக்கு முந்திய புழுக்கத்தில் மட்டும் ஈரச் சாக்கைக் கழற்றிவிடுங்கள். ஈரக் காற்றில் இளைத்தாலும் உடம்பு ஆறாது.

குஞ்சுக்குக் கதை வேறு. பெரிய கோழிக்குச் சூடு எதிரி, குஞ்சுக்கு முதல் வாரத்தில் குளிர்தான் எதிரி. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரைப் பகலில் நம் வீட்டு நிழலே 95-ஐத் தாண்டிவிடும், அப்போது பல்பு எரிந்தால் குஞ்சு வெந்துபோகும். இஷாவுக்குப் பிறகு சூடு இறங்கி, விடியும் முன் அது நடுங்கும். தெர்மாமீட்டர் வேண்டியதில்லை, குஞ்சைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு. பரவலாகத் தின்று திரிந்தால் சரி. 30 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு "லைட் போட்டேனே" என்பவர்கள் உண்டு; அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. அட்டையை வட்டமாக வளைத்து வையுங்கள், மூலை இருந்தால் அங்கே நெருக்கியடித்துச் சாகும். கீழே நெல் உமி. முதல் தண்ணீரில் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. தட்டில் நாலு கூழாங்கல் போட்டால் முங்கிச் சாகாது.

இத்தனை பாடும் தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குத்தான். நல்ல சிறுவிடைக் கோழி ஒன்று இருந்தால் பத்துப் பன்னிரண்டு குஞ்சை அதுவே பார்த்துக்கொள்ளும். பெருவிடை பார்க்க ஜம்மென்று இருக்கும், விலையும் அதிகம், ஆனால் நம்மைப் போன்ற வீட்டுக்குச் சிறுவிடைதான் தோது என்பது என் எண்ணம். அடை வைக்கும் முட்டையைச் சமையலறை அலமாரியில் சேர்க்காதீர்கள். 21 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே கரு மெல்ல வளரத் தொடங்கி, அடைக்குப் போகும் முன்பே கெட்டுவிடும். ஈர மணல்மேல் வைத்த மண்பானையில் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுங்கள். தெருவில் பிள்ளைகள் வாங்கும் கலர் கோழிக்குஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்படும் சேவல் குஞ்சுகள், சாயம் பூசி விற்கிறார்கள். அதை வாங்கி இந்தக் குஞ்சுகளோடு விடவேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெயில் சில கோழிகளைக் கொல்லும். வெள்ளைக் கழிச்சல் தெருவையே காலி செய்யும். ராணிக்கேட் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். 1920-களின் கடைசியில் இந்தியாவில் முதலில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேட் ஊரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், தப்பிப் பிழைத்தால் கழுத்துத் திருகல். வந்த பிறகு மருந்து இல்லை. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் அரைத்துக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை, ஆனால் அதைத் தடுப்பு மருந்துக்குப் பதிலாக நம்பாதீர்கள். தடுப்பு மருந்து புதிதும் அல்ல. அதே மலைப்பகுதியில் இருக்கும் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1940-களில் உருவாக்கிய வகையைத்தான் இன்றும் எட்டாவது வாரத்தில் ஊசியாகப் போடுகிறார்கள். அதற்கு முன் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் குடிதண்ணீரில் ஒரு தடவை. தண்ணீரில் கொடுக்கும்போது குழாய்த் தண்ணீர் ஆகாது, குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பால் பவுடர் கலந்து கொடுங்கள்.

பிறகு ஏன் போடாமல் விடுகிறோம்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் குப்பியில் இருக்கிறது. மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாகத்தான் வரும். ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மீந்ததை நாளைக்கு வைக்க முடியாது. பன்னிரண்டு குஞ்சு வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய் அதற்காக வண்டி பிடித்துக் கால்நடை மருந்தகம் போவாரா? போனாலும் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால், நோய் வேலி தாண்டி வராமல் இருக்குமா? கோழிக்கு நம் வீடு, அடுத்த வீடு என்ற கணக்குத் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு தெருவில் எட்டுப் பத்து வீட்டார் பேசிக்கொண்டு, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். 21 நாளில் எல்லா வீட்டிலும் ஒன்றாகப் பொரிக்கும். ஏழாம் நாள் ஒரே குப்பியில் எல்லாக் குஞ்சுக்கும் சொட்டு விட்டுவிடலாம். வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் அப்படியே. முட்டை கைவசம் இருந்தும் ஒரு வாரம் பொறுக்க வேண்டியிருக்கும், யார் வீட்டில் கூடுவது என்று பேச்சு வரும், அதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். கால்நடைத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன், பெரும்பாலும் பிப்ரவரியில், இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. அதற்குள் பெரிய கோழிகள் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். நோய் உச்சத்துக்கு வருவது அதற்குப் பிந்திய மாதங்களில்தான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் வீட்டுக்கோழிக்கென்றே தீனியாகக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது. நம் பக்கம் கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை வந்த அன்றே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு வாரம் தனிக் கொடாப்பில் அடைத்து வையுங்கள். இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கேட்கக் கசக்கும். செத்தது ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே நோயில் தள்ளாடும் கோழியைச் சாவதற்குள் அவசரமாக அறுக்கிறோம், இறகையும் குடலையும் தெருமுனையில் போடுகிறோம், நாய் இழுத்துக்கொண்டு நாலு தெரு போகிறது. அந்த ஒரு கோழியை மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது கோழி போகும். கழிச்சல் கண்ட கோழியைப் பிரித்து வையுங்கள். செத்தால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். விற்கவே விற்காதீர்கள்.

கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் தருகிறோம், முதலில் முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுவை நம்பிப் பணம் கட்டியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்குகள் கோவை நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடந்தன. நீங்கள் இன்று வாங்கிப்போகும் குஞ்சுக்கு யாரிடமும் கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

இன்று தரும் குஞ்சுகள் நாலு வாரம் கடந்தவை, சொட்டு மருந்தும் தண்ணீர் மருந்தும் கொடுத்தாகிவிட்டது. எட்டாவது வார ஊசி பாக்கி. வெளியே போகும்போது மேஜையில் தெருவாரியாக நோட்டு வைத்திருக்கிறோம், உங்கள் தெருவில் பெயரும் குஞ்சின் எண்ணிக்கையும் எழுதுங்கள். எண்ணிக்கை நூறுக்குக் குறைந்தால் பக்கத்துத் தெருவைச் சேர்த்துக்கொள்வோம். நம் ஆள் இல்லாத வீடாக இருந்தாலும் கோழி இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். ஐஸ் பெட்டியை அலுவலகம் தரும். நாளை முடிவு செய்ததும் இன்ஷா அல்லாஹ் பள்ளியில் அறிவிப்போம். அன்று ஃபஜ்ருக்கு முன் கோழியைத் திறந்துவிடாதீர்கள், பிடிக்க முடியாது.