கணக்குப்பிள்ளை இல்லாமல் ஒரு சிறு கம்பெனி
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம்ம குடியிருப்பிலேயே நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள். கணக்குக்கு ஆள் வைக்க வசதி இல்லை. தாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். நீங்கள் பேங்கில் இருந்தவர், நாலு வார்த்தை சொல்லுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அளவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப்பிள்ளை இல்லாமல் நடத்தலாம். ஆடிட்டர் இல்லாமல் நடத்த முடியாது.

நம் ஊரில் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பவர் எல்லோரையும் "ஆடிட்டர்" என்றே கூப்பிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கணக்கு எழுதுவது ஒரு வேலை. எழுதிய கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடுவது வேறு வேலை. 2013-ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டப்படி, ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் கம்பெனியின் கணக்கைப் பட்டயக் கணக்காளர் ஒருவர் தணிக்கை செய்தாக வேண்டும். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். அவரே உங்கள் கணக்கையும் எழுதித் தரக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் சிறு கம்பெனிகளுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஊர்க்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே அப்படி இருந்துவிடாதீர்கள்.

இனி, நீங்களே செய்யக்கூடியவை.

ஒன்று, அன்றாடக் கணக்கு. லீ பஜார் மண்டிக்காரர்கள் ராத்திரி கல்லாவை எண்ணிப் பார்க்காமல் கடை சாத்துவதில்லை. வங்கியிலும் அப்படித்தான். ஐந்து ரூபாய் உதைத்தால் அது கிடைக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது. நீங்கள் தினமும் செய்யாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு பில், தேதிவாரியாக ஒரு கோப்பு. மாதக் கடைசியில் பாஸ்புக்கையும் உங்கள் ஏட்டையும் வைத்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுங்கள். கணக்கு சாப்ட்வேர் வைத்திருந்தால், எதை எப்போது திருத்தினோம் என்ற தடம் அழியாத சாப்ட்வேராக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். ஏடுகளை எட்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டு, கம்பெனிப் பணம் உங்கள் பணம் இல்லை. சொந்தக் கடையில் கல்லாவிலிருந்து பள்ளிக்கூட ஃபீஸ் கட்டலாம். கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டினால் அது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடனாகிவிடும். டைரக்டருக்குக் கடன் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. பணம் வேண்டுமானால் சம்பளமாக எடுங்கள், இல்லையென்றால் வரி கட்டியபின் ஈவுத்தொகையாக எடுங்கள். நீங்கள் கம்பெனிக்குக் கடனாகப் பணம் போட்டால் வங்கி மூலமே போடுங்கள். பேரேட்டில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். ஜூன் 30-க்குள் டிபிடி-3 படிவத்தில் அதைக் காட்ட வேண்டும்.

மூன்று, வரி. தனிநபருக்கு உள்ளதுபோல் கம்பெனிக்கு அடிப்படை விலக்கு கிடையாது. லாபத்தின் முதல் ரூபாய்க்கே வரி உண்டு. சிறு வியாபாரிகள் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று மொத்தமாகக் காட்டுகிறார்களே, அந்த வசதியும் கம்பெனிக்கு இல்லை. சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத வரியைத் தேர்ந்தெடுத்தால், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 சதவீதம் வரும். வருட வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்வரி கட்ட வேண்டும். நஷ்டமானாலும் அக்டோபர் 31-க்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். டிடிஎஸ் பிடித்தால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள்.

நான்கு, பதிவாளர் அலுவலகம். நம் சேலத்துக்குக் கோயம்புத்தூர்தான். செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அதிலிருந்து 30 நாளில் ஐந்தொகையோடு ஏஓசி-4, 60 நாளில் எம்ஜிடி-7ஏ. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பே இல்லை. ஒரு வருடம் தாமதித்தால் இரண்டுக்கும் சேர்த்து 73,000 ரூபாய்.

இந்தக் கணக்கு எனக்கு எப்படி மனப்பாடம் என்று கேட்பீர்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

என் தம்பி மகன் வெள்ளிக் கொலுசை ஆன்லைனில் விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தான். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டும். "பெரியப்பா, பேருக்குத்தான், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான். போட்டேன். என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அவனிடமே இருந்தது. வியாபாரம் நின்றுபோனது. கடை மூடியாயிற்று, இனி எதைத் தாக்கல் செய்வது என்று அவன் இருந்துவிட்டான். நானும் கேட்கவில்லை. இரண்டு வருடப் படிவங்கள் போகவில்லை என்று தெரிந்தபோது தாமதக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவனிடம் இருந்தது கொஞ்சம். மீதி என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து போனது. மூன்றாவது வருடமும் விட்டிருந்தால் பணத்தோடு போயிருக்காது. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாத கம்பெனியின் டைரக்டர், ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமிக்கப்பட முடியாது.

இத்தனைக்கும் இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவற்றின் வங்கிக் கணக்குகளை முடக்கச் சொன்னார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். அப்போது நான் கவுண்டரில் இருந்தவன். அத்தனை பேரும் மோசடிக்காரர்களாக இருக்க முடியுமா? என்னைப்போல் பேருக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மகனுக்கோ மருமகளுக்கோ டைரக்டராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால், கடைசியாக எந்த வருட ஐந்தொகை தாக்கலானது என்று தெரியும். இன்றைக்கே பாருங்கள். டோக்கனை உங்கள் பீரோவில் வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. வியாபாரம் நின்றுவிட்டால் கம்பெனி தானாக மூடிக்கொள்ளாது. பாக்கிப் படிவங்களைக் கொடுத்துவிட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி எஸ்டிகே-2 விண்ணப்பம் போடுங்கள். மறுபடி தொடங்கும் எண்ணம் இருந்தால் செயலற்ற கம்பெனி என்ற நிலையைக் கேட்டு வாங்குங்கள்.

நான் சொன்ன தேதிகளை ஒரு தாளில் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சில நேரம் அரசு தேதியைத் தள்ளிவைக்கும். அதை நம்பி உட்கார வேண்டாம். ஏட்டை நீங்கள் ஒழுங்காக வைத்திருந்தால் ஆடிட்டரின் வேலையும் குறையும், அவர் கேட்கும் ஃபீஸும் குறையும். சந்தேகம் இருப்பவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கீழே பெஞ்சுக்கு வாருங்கள். பில் கோப்போடு வந்தால் இன்னும் நல்லது.